காதால் குடித்த மாம்பழம்

கடுகண்ணாவை ஏற்றத்தில் சுமை லொறியொன்று கியர் மாறாமல் உறுமுவதுபோல ஒரு சத்தம். அடுத்து, கல் உடைபடும் சத்தம். அதற்கும் அடுத்து, கல் தோற்றுக் கூழாகிவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கிற வழவழத்த சுழற்சி. காலை ஆறேகாலுக்குப் பிலிமத்தலாவையில் என் அண்ணன் பிளெண்டரைப் போட்டுவிட்டு, கைத்தொலைபேசியை அதன் மூடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார். பத்து மைல் தள்ளி, கட்டுகஸ்தோட்டை மேட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நான் அதைக் கேட்டே ஆகவேண்டும். சுகம் விசாரிப்பு கிடையாது. சத்தம் நின்றதும் போனை வைத்துவிடுவார். இது அன்பு என்று என் மனைவி சொல்கிறாள். இது பழிவாங்கல் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சத்தம் கேட்டதும் என் இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு அரிக்கத் தொடங்கும். அதற்கும் ஞாபகம் இருக்கிறது.

ஏனென்றால் போன வருடம் ஆறேழு மாதம் இந்தச் சத்தத்தைப் போட்டவன் நான். கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அண்ணன் பிலிமத்தலாவையில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். குழாய், டாப், தண்ணீர்த் தாங்கி, பிசின் நாடா. வாழ்க்கை முழுக்க ஊர் வீடுகளுக்குத் தண்ணீர் போக வழி பண்ணிக்கொடுத்தவரின் சிறுநீரகங்கள் இரண்டும் ஒருநாள் கடையை மூடிவிட்டன. கிழமைக்கு இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு இரத்தத்தைக் கழுவினார்கள். குடிக்க ஒரு நாளைக்கு அரை லீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். வாழைப்பழம், மாம்பழம், இளநீர் எல்லாம் விஷப் பட்டியலில். பழத்திலிருக்கும் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இதயத்தைப் பிடித்து நிறுத்திவிடுமாம். மாம்பழக் காலத்தில் தோல்கூட உரிக்காமல் தின்கிற மனுஷன். அவருக்கு மாம்பழத்தால் மரணம் என்று எழுதிவைத்த கடவுளுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது, மரியாதைதான் இல்லை.

மாற்றுச் சிறுநீரகம் தேவை. அண்ணியுடையது பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. என்னால் குடும்பத்துக்கு ஏதோ பயன் உண்டு என்று ஐம்பத்தோரு வயதில் முதன்முறையாக ஓர் ஆய்வுகூடம் எழுதிக்கொடுத்தது. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் சுற்றறிக்கை மொழிபெயர்க்கிறவன், மிச்ச நேரத்தில் வரி மடக்காமல் கவிதை எழுதுகிறவன், இரண்டையும் ஊரில் யாரும் வாசிப்பதில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் எல்லோரும் வாங்கி வாங்கி வாசித்தார்கள்.

வைத்திய அம்மா என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, பேக்கரியில் பாண் வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல வயிற்றை இரண்டு இடத்தில் அமுக்கினார். பிறகு நிதானமான தமிழில் சொன்னார்.

"கிட்னி நல்லது. வச்சிருக்கிற ஆள்தான் பிரச்சினை."

எட்டுக் கிலோ குறைக்கவேண்டும். குறைத்தால்தான் கத்தி வைப்பார். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை நிறுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் அடுத்த மாதமே நாள் குறிப்பார். அந்தச் செவ்வாய்க்கு மூன்று மாதம் இருந்தது.

நான் உடனே செய்த காரியம், ஒரு பெரிய டின் புரத மாவு வாங்கியது. டின்னில் உறுமும் சிங்கமும், கழுத்தே இல்லாத ஒரு மனிதனும். அடுத்த தடவை போனபோது அதைப் பெருமையோடு காட்டினேன். வைத்திய அம்மா டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுக்கப்போகிற சிறுநீரகத்தைப் பிழிந்துவிட்டுக் கொடுக்கும் திட்டமா என்று கேட்டார். புரதம் வேண்டும், ஆனால் அளவோடு, வீட்டுச் சாப்பாட்டிலிருந்து. சிங்கம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இப்போது தென்னங்கன்றுக்குத் தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம்.

மனைவி பொறுப்பை ஏற்றாள். பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறவள். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அடக்குகிறவளுக்கு ஒரு வயிறு எம்மாத்திரம். இரவுச் சாப்பாடு ஒழுங்காக, அளவாக. காலையில் மட்டும் உறைந்த பழம், ஆடை நீக்கிய பால், சீனி போடாத யோகட், அதோடு புரதத்துக்கு அவித்த பாசிப்பயறோ சோயாவோ இரண்டு மேசைக்கரண்டி. ஐஸ் போடக்கூடாது. பழமே ஐஸ்.

சொல்வதற்குச் சுலபம். முதல் நாள் வாழைப்பழத்தைத் தோலோடு உறையவைத்தேன். காலையில் எடுத்தால் கறுப்புத் தடி. உரிக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது, திருடன் வந்தால் அடிக்கலாம். இரண்டாம் நாள் பப்பாளித் துண்டுகளைக் குவித்து வைத்தேன். ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகி, பிளெண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நன்றாகக் கனிந்த பழத்தை உரித்து, துண்டாக்கி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, அதன்பிறகே டப்பாவில் போடவேண்டும் என்று புரிய ஒரு கிழமை ஆனது. முதலில் பால், பிறகு பயறு, கடைசியில் பழம். மாற்றிப் போட்டால் கத்தி காற்றில் சுற்றும், பழம் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

அப்புறம் டப்பா. எங்கள் நாட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்கும் வீடு கிடையாது. எங்கள் குளிர்ப்பெட்டியில் ஏழு டப்பா; ஏழிலும் வனிலா என்று எழுதியிருக்கும்; ஒன்றில் அறக்குளா மீன் துண்டு, ஒன்றில் முருங்கைக்காய், ஒன்றில் போன தைப்பொங்கலின் மிச்சம். மாம்பழத்தை நான் போட்டுவைத்தது முன்பு மீன் வாழ்ந்த டப்பா. அந்தக் காலையில் குடித்ததை விவரிக்க என் முப்பது வருட இலக்கியப் பயிற்சி போதவில்லை.

சரியாக அந்தக் காலையில்தான் அண்ணன் முதல் தடவை அழைத்தார்.

"டே தம்பி, என் கிட்னிக்கு இன்னைக்கு என்னா ஊத்துன?"

"இன்னும் என் கிட்னிதாண்ணே."

"சரி சரி, வச்சிரு, பத்திரமா வச்சிரு. என்னா ஊத்துன?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் கிடைத்தால் விடுவேனா. "அண்ணே, ஹந்தானை மலைப் பனிய அள்ளி, அதுல ஒரு மஞ்ச அந்தியக் கரைச்சு…"

"டே. கவித வேணாம். சாமானச் சொல்லு."

"மாம்பழம்."

"என்னா மாம்பழம்?"

"கறுத்தக்கொழும்பான்."

அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒறஞ்சதா?"

"கல்லு மாதிரி."

"எத்தன துண்டு?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏழா, எட்டா?"

"எட்டு."

"கொட்டைக்குப் பக்கத்துல இருக்கிற சதையச் சேர்த்தியா, இல்ல சப்பிட்டியா?"

"சப்பிட்டேன்."

"நல்ல வேல. நானும் அப்பிடித்தான் செஞ்சிருப்பேன். சரி, அரச்சி முடிஞ்சதும் நுரை நின்னிச்சா, அமுங்கிச்சா? குடிக்கிறப்ப பல்லு கூசிச்சா? எல்லாம் சொல்லு, அவசரப்படாத."

சொன்னேன். மீன் மணத்தையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு அண்ணி என்னைத் தனியாக அழைத்து ஒரு விஷயம் சொன்னார்.

"போன வச்ச பெறகு வாயத் தொடச்சிக்கிறாரு தம்பி."

அதிலிருந்து தினமும் காலை ஆறேகால். அவருக்காகவே நான் பழங்களைத் தேடத் தொடங்கினேன். கண்டி மார்க்கெட்டில் பட்டர்புரூட், அன்னமுன்னா, கொடித்தோடை. விளாம்பழத்தை உறையவைத்தது என் வாழ்க்கையின் பெரிய பிழைகளில் ஒன்று. கடையடைப்பு நாளில் தார் ரோட்டை நக்குவதுபோல இருந்தது. அதையும் அவர் குடித்தார், காதால், கடைசிச் சொட்டுவரை. "பரவால்ல, கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்" என்று கருணையோடு சொன்னார். முப்பது வருடம் அந்தியும் பனியும் அள்ளிக் கரைத்தவன், எத்தனை துண்டு, எந்தப் பழம், நுரை நின்றதா என்று கணக்காகச் சொல்லப் பழகினேன். என்னுடைய எந்தக் கவிதைத் தொகுப்புக்கும் அப்படியொரு வாசகர் வாய்த்ததில்லை. தொகுப்புகளை அவர் கடையில் மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வெசாக் வருவதற்குள் ஆறு கிலோ இறங்கியிருந்தேன். இடுப்புப்பட்டியில் புதிய துளை. இன்னும் இரண்டு கிலோ, பத்து நாள்.

வெசாக் அன்று பின்னேரம் பிலிமத்தலாவைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கிரிபத்கும்புறையில் கொடியோடு நாலு பேர் ரோட்டுக்கு நடுவில் பாய்ந்தார்கள். தன்சல். வருகிற போகிறவருக்கெல்லாம் சும்மா சாப்பாடு போட்டுப் புண்ணியம் தேடுகிற நாள். பஸ்ஸை நிறுத்தி யன்னலுக்குள்ளாலேயே தட்டை நீட்டினார்கள். அவித்த மரவள்ளி, தேங்காய்ப்பூ, கொச்சிக்காய்ச் சம்பல். வேண்டாம் என்றால் கொடுப்பவரின் புண்ணியத்தில் கை வைத்ததாகும். மாற்று மதத்தவன் நான். நல்லிணக்கத்துக்கு என்னால் ஆனது. தின்றேன்.

பேராதனையில் ஐஸ்கிரீம். கன்னொறுவைச் சந்தியைத் தாண்டினதும் கடலையும் கோப்பியும். இவையாவது யன்னலுக்குத் தேடி வந்தவை. கெட்டம்பேயில் சோற்றுத் தன்சல், வரிசை விகாரை மதில்வரை நீண்டிருந்தது. அங்கே பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை. நான்தான் மணி அடித்தேன். நான்தான் இறங்கினேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். காசு கொடுக்காமல் தின்பது உடம்பில் ஏறாது என்று என் வயிறு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தது. அதைவிட நல்ல பேச்சாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

மறுநாளும் தன்சல் உண்டு. உடற்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு நடந்தேன், தன்சலிலிருந்து தன்சலுக்கு. மூன்றாம் நாள் மிச்சம் மீதி. வாய் திறந்துவிட்டால் எனக்கு மூடத் தெரியாது என்பது கச்சேரி சிற்றுண்டிச்சாலைக்கே தெரியும். அடுத்த கிழமை முழுக்க அங்கேயும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் பறந்தது. மனைவி காலையில் பாடசாலைக்கு இறங்கியதும் பிளெண்டரை வெறுமனே கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆறேகாலுக்கு மட்டும் போன் தவறவில்லை.

"இன்னைக்கு என்னாடா ஊத்துன?"

"பப்பாளிண்ணே. பத்துத் துண்டு. கொஞ்சம் தேசிக்காய்ப் புளி."

"பயறு?"

"ரெண்டு கரண்டி."

"நுரை நின்னிச்சா?"

"நின்னிச்சிண்ணே."

அந்தப் பக்கம் அவர் விழுங்கும் சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை தராசில் ஏறினேன். அண்ணனும் வந்திருந்தார், நாள் குறிக்கும்போது தானும் இருக்கவேண்டும் என்று புதுச் சேட்டு போட்டு வந்திருந்தார். முள் நின்ற இடத்தை வைத்திய அம்மா பார்த்தார், என் பழைய அட்டையைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"வெசாக் நல்லா நடந்திச்சா?"

குறைக்கவேண்டிய இரண்டு கிலோ, நாலாக வளர்ந்து நின்றது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தப்பித்திருப்பேன். எங்களுக்கென்று பார்த்து வைத்திருந்த நாளை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டியதுதான் என்றார். அடுத்தது பெரஹரா ஊர்வலம் முடிந்த பிறகு. அண்ணனுக்கு மேலும் மூன்று மாதம், கிழமைக்கு இரண்டு தடவை அந்த இயந்திரத்தில். என் வாயால்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். மரவள்ளியிலிருந்து ரோல்ஸ் வரை. அண்ணன் புதுச் சேட்டின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"மரவள்ளி வெந்திருந்திச்சா?"

"அண்ணே…"

"சொல்லுடா. மாவா வெந்திருந்திச்சா, நார் இருந்திச்சா?"

"மாவா."

"ஐஸ்கிரீம்?"

"கரைஞ்சிருந்திச்சி. ரெண்டு கப் வாங்கினேன்."

"கெட்டம்பே சோத்துல என்னா கறி?"

"பருப்பு, பலாக்கொட்ட, கருவாட்டுப் பொரியல் இல்ல, வெசாக்ல மச்சம் போட மாட்டாங்க. வத்தாளங்கிழங்கு தீயல் மாதிரி ஒன்னு."

"அடப்பாவி. வத்தாளங்கெழங்கா." கண்ணை மூடிச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இயந்திரம் குத்திக் குத்திப் புடைத்துப்போன கை நரம்பும் சேர்ந்து குலுங்கியது. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

எழுந்து நின்றபோதுதான் சொன்னார். "தின்னது பரவால்லடா. எனக்கு கெடச்சிருந்தா நான் எல்லா வரிசையிலயும் ரெண்டு தடவ நின்னிருப்பேன். பப்பாளின்னு சொன்ன பாரு. அத நான் முழுங்கினேன்."

எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் கவிதையாகத்தான் வந்தது.

மறுநாள் காலை போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோபம் என்று நினைத்தேன். கோபம்தானா என்று கேட்க வெட்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி அழைத்து, நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டி வார்டில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஓடினேன். மூக்கில் குழாயோடு, சாய்த்து வைத்த கட்டிலில் அரைக் கண்ணோடு படுத்திருந்தார். குழாய் விற்றவருக்குக் குழாய். அவரே சொல்லியிருப்பார் இதை, பேச முடிந்திருந்தால்.

அவர் வார்டில் இருந்த பதினொரு நாளும் காலை ஆறேகாலுக்கு நான் பிளெண்டரைப் போட்டேன். அரைத்து முடித்து, கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறையில் நின்று, போனே இல்லாமல் சொன்னேன். அன்னாசி, ஆறு துண்டு. வாழைப்பழம், பாதி. சோயா, ரெண்டு கரண்டி. நுரை நின்றது. மனைவி வாசலில் நின்று பார்த்தாள். என்னாங்க, யார்கூட பேசுறீங்க என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவளோ பிளெண்டர் ஜாடியை வாங்கிக் கழுவினாள்.

பன்னிரண்டாம் நாள் போன் அடித்தது. குரல் நூலாக இருந்தது.

"என்னாடா ஊத்துன?"

"கொய்யாப்பழம்ணே. ஒன்பது துண்டு."

"உண்மையா?"

மூச்சு விடாமல் பிளெண்டருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து, இன்னும் இரண்டு துண்டு போட்டு மறுபடி ஒரு தடவை சுற்றவிட்டேன். கல் உடைபடுவது கேட்டிருக்கும். அதுதான் அவருக்குச் சத்தம் பிடித்துப்போன கதை. அதன்பிறகு தினமும் முதலில் சத்தம், பிறகுதான் சாமான்.

ஆடியில் கண்டி குளிரும். மகாவலிப் பக்கமிருந்து காற்று சீறிக்கொண்டு வரும் காலையில், கம்பளிச் சட்டையும் காதுத் தொப்பியுமாக நின்று உறைந்த பழத்தை உறிஞ்சுகிற ஒரு நடுவயது மனுஷனைப் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் பார்த்தவர்கள், இவனுக்குக் கச்சேரியில் ஏதோ தண்டனை என்று நினைத்திருப்பார்கள். கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தேன். நீர்க்காகங்கள் மரத்திலிருந்து என் தோளில் தங்கள் கருத்தைத் தெரிவித்தன. ரோல்ஸ் வண்டிகளைக் கண்டால் ரோட்டின் மற்றப் பக்கம் மாறினேன். பெரஹராவுக்கு ஊரே தின்றது. நான் வீட்டுக்குள் யன்னலைச் சாத்திக்கொண்டு பறைச் சத்தத்தை மட்டும் கேட்டேன். காதால் தின்பது எப்படி என்று எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

தராசில் ஏறியபோது வைத்திய அம்மா முள்ளைப் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்து வைத்தார். எட்டுக்கு மேலே இருநூறு கிராம் அதிகமாகவே இறங்கியிருந்தேன். அந்த இருநூறு கிராம் வட்டி.

சத்திரசிகிச்சை அன்று காலை எங்கள் இரண்டு தள்ளுகட்டிலையும் நடைபாதையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். இருவருக்கும் ஒரே பச்சை அங்கி, முதுகுப்பக்கம் ஒரே அளவு திறந்தது. அண்ணியும் என் மனைவியும் சுவரோடு நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். கொடுக்கிறவனைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோவார்களாம். எப்போதும் அண்ணனுக்குப் பின்னாலேயே நடந்து பழகியவன் நான். இன்னொரு போர்வை கேட்டேன். குளிர் என்று தாதியிடம் சொன்னேன்.

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சுவரில் கடிகாரம். ஆறு பதினைந்துக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கும்.

"டே தம்பி, இன்னைக்கு என்னா ஊத்துன?"

"ஒன்னுமில்லண்ணே. ராவுலருந்து பட்டினி. ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல."

"உண்மையா?"

"சத்தியமா."

"அப்ப இன்னைக்குத்தான் நம்ம ரெண்டு பேரும் ஒன்னா சாப்பிட்டிருக்கோம்."

ஊழியர் என் கட்டிலின் பிரேக்கை விடுவித்தார். சக்கரம் சுழன்றது. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என் மேலால் நகரத் தொடங்கின. ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். கதவு திறக்கும் நேரத்தில், பின்னாலிருந்து, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி அண்ணன் கத்தினார்.

"டே! எந்திரிச்சதும் எனக்கு ஒரு கப் ஊத்து! மாம்பழம் போடு, கவித போடாத!"